இண்டி மல்யுத்தம்: பயிற்சிக்கூடம் முதல் ஒப்பந்தம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி மதிய இடைவேளையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, உயரம், எடை என்று கூவி நண்பனின் சீட்டைப் பறித்த தலைமுறைக்கு, தொழில்முறை மல்யுத்தம் என்றாலே வாணவேடிக்கையும் ஆயிரக்கணக்கான இருக்கைகளும் கொண்ட பெரிய அரங்கம்தான் நினைவுக்கு வரும். அந்த அரங்கத்தில் நின்றவர்களில் பலர் அதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த, டபிள்யூ.டபிள்யூ.ஈ. (முன்பு டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 30-இன் கடைசிப் போட்டியில் வென்ற டேனியல் பிரையன், 1999-இல் தொழிலுக்கு வந்தவர். இடையில் கிடைத்த ஒரு பயிற்சி ஒப்பந்தம் 2001-இல் முடிந்துபோன பிறகு, 2009 வரை பிரையன் டேனியல்சன் என்ற சொந்தப் பெயரில் அமெரிக்கச் சிறு அரங்குகளிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் போட்டிக்குப் போட்டி கூலி வாங்கி மோதியவர். எந்தப் பெரிய நிறுவனத்தோடும் நிரந்தர ஒப்பந்தம் இல்லாமல் இப்படி ஊர் ஊராகச் சென்று மோதும் வட்டத்தைத்தான் இண்டி சர்க்யூட் என்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் நுழைவது எப்படி, நுழைந்தபின் உடம்பும் கைக்காசும் தேய்ந்துபோகாமல் நீடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாகக் கீழே பார்க்கலாம்.

ஒரு சிறு பின்னணி தேவைப்படுகிறது. 1948-இல் உருவான நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பின் கீழ் அமெரிக்கா பல வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஓர் இளைஞர் ஒரு வட்டாரத்தில் சில மாதங்கள் மோதிவிட்டு அடுத்த வட்டாரத்துக்குப் போய்த் தொழில் கற்றுக்கொள்ள முடிந்தது. 1980-களில் வின்ஸ் மெக்மேன் தன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றபோது அந்த வட்டாரங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2001-இல் அதன் போட்டி நிறுவனங்களில் டபிள்யூ.சி.டபிள்யூ. விலைபோய், ஈ.சி.டபிள்யூ.-வும் நின்றுபோனபோது, வேலை தருவதற்கு ஏறக்குறைய ஒரே பெரிய நிறுவனம்தான் மிஞ்சியது. மறு ஆண்டு, 2002 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ரிங் ஆஃப் ஹானர் என்ற சிறு நிறுவனம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பழைய வட்டாரங்கள் செய்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பவை இப்படி முளைத்த சிறு நிறுவனங்களே.

முதல் படி: இது என்ன தொழில் என்று தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்

யார் வெல்வது என்பதைப் புக்கர் என்று அழைக்கப்படுபவர் முன்பே முடிவு செய்கிறார். இந்த உண்மையை வெளியாரிடம் மறைக்கும் பழைய வழக்கத்துக்குக் கேஃபேப் என்று பெயர். 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக, இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே ஒப்புக்கொண்டது. வரி என்று வந்தால் எந்த ரகசியமும் நிற்காது போலும்.

முடிவு எழுதப்பட்டிருந்தாலும் விழுவது மெய்யாகவே விழுவதுதான். எதிரே நிற்பவர் உங்களைத் தலைகீழாகத் தூக்கும்போது உங்கள் கழுத்து அவர் கையில் இருக்கிறது. அடுத்த நிமிடம் அவர் கழுத்து உங்கள் கையில் இருக்கும். எதிரியின் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டே அவரை அடித்து நொறுக்குவதாக முன்வரிசைப் பார்வையாளரை நம்பவைப்பதுதான் இந்தத் தொழிலின் கைத்திறன். சண்டையில் நான் யார் என்று காட்டுகிறேன் என்ற எண்ணத்தோடு வருபவருக்கு இங்கு வேலை இல்லை.

இரண்டாம் படி: பயிற்சிக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுக் கொல்லையில் மெத்தையைப் போட்டுக் காணொளி பார்த்துப் பழகுவது எலும்பு முறிவுக்கான குறுக்குவழி. இன்று புகழ்பெற்ற மல்யுத்த இணையான யங் பக்ஸ் சகோதரர்கள் கலிபோர்னியாவில் வீட்டுக்குப் பின்புறம் ரிங் போட்டுத்தான் தொடங்கினார்கள் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அப்படித் தொடங்கிக் காணாமல் போனவர்களை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

டேனியல்சன் சான் அன்டோனியோவில் ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பள்ளியில் பயின்றார். மிக் ஃபோலி, நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் கல்லூரியில் படித்துக்கொண்டே, வார இறுதிகளில் பென்சில்வேனியாவிலிருந்த டொமினிக் டெனூச்சியின் பள்ளிக்குக் காரில் போய், அந்தக் காரிலேயே படுத்து உறங்கிப் பயின்றார். இன்று அயோவாவின் டேவன்போர்ட்டில் செத் ராலின்ஸ் இணைந்து நடத்தும் பிளாக் அண்ட் பிரேவ், டெக்சாஸில் புக்கர் டி நடத்தும் ரியாலிட்டி ஆஃப் ரெஸ்லிங் போன்றவை பெயர் பெற்றவை. கட்டணம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டாலர்களில் இருக்கும். ஆகவே பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக அமர்ந்து பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் தாமே எங்கெல்லாம் மோதியிருக்கிறார், அவரிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் மோதுகிறார்கள், புதியவரை எத்தனை வாரம் கழித்துக் கூட்டத்தின் முன் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் வாரமே மேடை ஏற்றுகிறேன் என்று சொல்பவர் டிக்கெட் விற்க ஆள் தேடுகிறார் என்று கொள்ளலாம்.

இன்னொன்றையும் தயங்காமல் விசாரிக்க வேண்டும். 2020 ஜூனில் "ஸ்பீக்கிங் அவுட்" என்ற பெயரில், பயிற்சிக்கூடங்களிலும் உடைமாற்றும் அறைகளிலும் தங்களுக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறல்களைப் பலர், குறிப்பாகப் பிரிட்டனில், வெளிப்படையாகச் சொன்னார்கள். பயிற்சியின் பெயரால் அவமானப்படுத்துவது, தண்டனை என்று உடல் சோர்ந்து விழும்வரை உட்கார்ந்து எழவைப்பது, வீராங்கனைகளைத் தனியாக அழைப்பது ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் கட்டிய பணத்தை நினைக்காமல் வெளியேறிவிடுங்கள்.

மூன்றாம் படி: விழக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் சில வாரங்கள் விழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பம்ப் என்று அழைக்கப்படும் இந்த விழுதலில், மல்லாந்து விழுவதுதான் அரிச்சுவடி. முதலில் தரையோடு தரையாகக் குந்தியிருந்து பின்னால் சரியப் பழக்குவார்கள். பிறகு நின்ற நிலையிலிருந்து. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடரி பலகையில் மோதும். இரு கைகளும் உடம்பிலிருந்து சற்றே விலகி, உள்ளங்கை கவிழ்ந்து, முதுகின் மேற்பகுதி தரை தொடும் அதே கணத்தில் படீரென்று அறைய வேண்டும். முழங்கையை ஊன்றினால் தோள்பட்டை போய்விடும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கிக்கொண்டு விழுந்தவருக்கு அடுத்த அரை நிமிடம் மூச்சே வராது. அந்த அறையின் ஓசையைத்தான் கூட்டம் அடியின் ஓசையாகக் கேட்கிறது.

விழும் தளம் பஞ்சு மெத்தை அல்ல. எஃகுச் சட்டகத்தின்மேல் மரப்பலகைகள், அவற்றின்மேல் மெல்லிய நுரைப்படலம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான், அவ்வளவுதான். பெரிய நிறுவனத்தின் ரிங் 20 அடிச் சதுரம். இண்டியில் 16 அல்லது 18 அடிதான் பெரும்பாலும் கிடைக்கும், அதிலும் ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு குணம். கயிறு என்று நாம் பார்ப்பது பல இடங்களில் ரப்பர் குழாய் போர்த்திய எஃகுக் கம்பி. அதில் ஓடி மோதித் திரும்பப் பழகும் முதல் வாரத்தில் அக்குளுக்குக் கீழே கருநீலமாகக் கன்றிப்போகும். புதிய ஊருக்குப் போனால் கதவு திறக்கும் முன் ரிங்கில் ஏறி, எந்தப் பலகை தொய்கிறது, எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று நடந்து பார்ப்பது பழகியவர்களின் வழக்கம்.

அமெரிக்காவில் பிடிகளை எதிராளியின் இடப்பக்கத்தில் போடுவது மரபு. மெக்சிகோவின் லூச்சா லீப்ரே மல்யுத்தத்தில் வலப்பக்கம். முன்பின் பார்த்திராத இருவர் ஒரே மொழியில் மோத முடிவது இத்தகைய ஒழுங்குகளால்தான்.

நான்காம் படி: பெயரும் வேடமும்

உங்கள் வேடம் நல்லவனா கெட்டவனா, அதாவது பேபிஃபேஸா ஹீலா, என்பது நீங்கள் ரிங்கை நோக்கி நடந்துவரும் பத்து வினாடிக்குள் கடைசி வரிசைக்கும் புரிய வேண்டும். பொதுவாகப் புதியவர்கள் ஹீலாகத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. கூட்டத்தின் வெறுப்பைச் சம்பாதிக்கப் பழகியவருக்கு அதன் நாடித்துடிப்பு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

உடையில் முதல் செலவு காலணிக்கும் முழங்கால் உறைக்கும் ஆகட்டும், மினுமினுப்பு பிறகு வரட்டும். பெயரில்தான் அதிகக் கவனம் தேவை. பெரிய நிறுவனங்கள் தாங்கள் சூட்டிய பெயரின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்புகின்றன. பிரையன் டேனியல்சன் டேனியல் பிரையன் ஆனதும், கெவின் ஸ்டீன் கெவின் ஓவன்ஸ் ஆனதும் அப்படித்தான். தந்தையின் மேடைப் பெயரையே சுமந்த கோடி ரோட்ஸ், 2016-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.-யை விட்டு விலகியபின் நான்கு ஆண்டுகள் வெறும் "கோடி" என்ற பெயரில்தான் மோத வேண்டியிருந்தது. நீங்கள் உருவாக்கும் பெயர் வேறு யாருக்கும் சொந்தமா என்று முதலிலேயே தேடிப் பார்த்துவிட்டு, நாலு பேர் அறியத் தொடங்கியதும் வர்த்தகக்குறியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வாய்ப்புகள்

முதல் வேலை மோதுவதாக இருக்காது. லாரியிலிருந்து இரும்புத் தூண்களை இறக்கி ரிங் பூட்டுவதாகத்தான் இருக்கும். பள்ளி உடற்பயிற்சிக் கூடமோ முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடமோ, எந்த அரங்கமானாலும் முதலில் வந்து கடைசியில் போகிறவரைப் புரோமோட்டர் கவனிப்பார். உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கைகுலுக்க வேண்டும். அந்தக் கைகுலுக்கல் பூத்தொட்டாற்போல் மெல்லியதாக இருக்கும். "நான் முரட்டுத்தனமாகக் கையாள மாட்டேன்" என்று அதற்குப் பொருள். இறுக்கிப் பிடித்துக் குலுக்கினால் புதியவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

போட்டியின் கட்டமைப்பு எளியது. முதலில் நல்லவர் மேலோங்குவார், பிறகு கெட்டவர் ஏதோ ஒரு சூழ்ச்சியால் அவரை வீழ்த்தி நெடுநேரம் வதைப்பார், கூட்டம் தவித்துக் கூப்பிடும்போது நல்லவர் எழுவார், அதன்பின் ஃபினிஷ், அதாவது போட்டியை முடிக்கும் கட்டம். நடுவே இருக்கும் வதைக்கும் பகுதியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கற்ற வித்தையை எல்லாம் எட்டு நிமிடத்தில் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், விழுந்தவர் வலியை உணர்த்தவும் கூட்டம் அதை உள்வாங்கவும் இடமே இல்லாமல் போகிறது. ஒரு நல்ல தலைப்பிடி இரண்டு நிமிடம் நீடிக்கலாம். அந்த நேரத்தில்தான் இருவரும் காதோடு காதாக அடுத்ததைப் பேசிக்கொள்கிறார்கள், மூச்சும் வாங்கிக்கொள்கிறார்கள். நடுவர் குனிந்து கையைச் சோதிப்பதுபோல நேரத்தைச் சொல்வார். அவர் முடிக்கச் சொன்னால், இன்னும் எத்தனை வித்தை மிச்சமிருந்தாலும் முடித்துவிட வேண்டும்.

இறங்கியதும் அனுபவசாலி ஒருவரிடம் தவறுகளைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது விளக்கம் சொல்ல வாயெடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

"ஒரு ஹாட் டாக், ஒரு கைகுலுக்கல்" என்று இண்டிக் கூலியைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தொடக்கத்தில் அது கேலியாக மட்டும் இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூலி 50 டாலர். போக 300 மைல், வர 300 மைல். தனியாகக் காரெடுத்துப் போனால் கூலி பெட்ரோலுக்கே போதாது. அதனால்தான் நால்வர் ஒரே காரில் செலவைப் பங்கிட்டுப் போகிறார்கள். மூத்தவர் ஒருவரோடு ஆறு மணி நேரம் காரில் போவதைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை என்று பல வீரர்கள் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்கள்.

வருமானம் கூடத்தின் ஓரத்தில் போடப்படும் மடக்கு மேசையில் இருக்கிறது. 10 டாலருக்கு அச்சிட்ட டி-சட்டையை ஒன்று 25 டாலர் என்று நான்கு விற்றால், மேலே சொன்ன கூலியைவிட அதிகம். மேசைக்குப் பின்னால் உட்காராதீர்கள், நில்லுங்கள். தோற்ற கையோடு, வியர்வை காயும் முன்பே வந்து நில்லுங்கள். எல்லா அளவுச் சட்டையும் இருக்கட்டும், சிறுவர் அளவு உட்பட, ஏனெனில் பணம் கொடுக்கும் அப்பாவை இழுத்துக்கொண்டு வருவது அந்தச் சிறுவன்தான். சில்லறையும் அட்டை தேய்க்கும் கருவியும் இரண்டும் வேண்டும். இந்த மேசை வியாபாரத்தைத்தான் யங் பக்ஸ் பெரிதாக வளர்த்தார்கள். 2017-இல் அவர்கள் சேர்ந்திருந்த புல்லட் கிளப் என்ற மல்யுத்தக் குழுவின் சட்டைகள் ஹாட் டாபிக் என்ற அமெரிக்கக் கடைத்தொடருக்கே வந்துவிட்டன.

அமெரிக்க வரிச் சட்டத்தின்படி நீங்கள் சுயதொழில் செய்பவர். செலவு போக ஆண்டு நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே சுயதொழில் வரிக்கான படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வரி 15.3 சதவிகிதம், வருமான வரி அதற்கு மேல். காலாண்டுதோறும் முன்வரி கட்டும் பழக்கம் இல்லாதவர்கள் ஏப்ரலில் திணறுகிறார்கள். தொழிலுக்காகச் சொந்தக் காரில் ஓடிய தூரத்தை மைல் கணக்கில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்; 2025-இல் அந்த வீதம் மைலுக்கு 70 சென்ட்டாக இருந்தது. காரின் உரிமையாளருக்குத்தான் அந்தச் சலுகை, பின்னிருக்கையில் தூங்கியவருக்கு இல்லை. தேதி, ஊர், மைல், கூலி, மேசை விற்பனை ஆகியவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

கென்டக்கி போன்ற சில மாநிலங்களில் வீரருக்கே ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்பதால், எல்லை தாண்டுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர் பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டிப் பயிலலாம் என்றாலும், வார இறுதியில் கூலிக்கு மோதுவது விசா விதிகளை மீறும் வேலையாகிவிடும். 50 டாலருக்காகக் குடியேற்ற நிலையைப் பணயம் வைக்க வேண்டாம்; முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஏழாம் படி: வட்டத்தை விரிவாக்குங்கள்

ஒரே ஊரில் மோதிக்கொண்டிருந்தால் அந்த ஊர்க் கூட்டத்துக்கு மட்டுமே உங்களைத் தெரியும். மூன்று நிமிடக் காணொளித் தொகுப்பு ஒன்றைத் தயாரியுங்கள். அதில் குட்டிக்கரணங்களைவிடக் கூட்டம் உங்களுக்கு எதிர்வினை காட்டும் தருணங்கள் நிறைந்திருக்கட்டும். கலிபோர்னியாவின் ரெசீடாவில், அமெரிக்கன் லீஜன் சங்கத்தின் ஒரு சிறு கூடத்தில் நடந்த புரோ ரெஸ்லிங் கெரில்லா நிகழ்ச்சிகளை நேரில் பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அங்கே பெயரெடுத்தவர்களைப் பெரிய நிறுவனங்கள் தேடிவந்தன. ரெஸில்மேனியா வாரத்தில் அதே நகரத்தில் இண்டி நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும். ஆண்டின் மற்ற நாள்களில் கிடைக்காத பார்வையாளர்கள் அப்போது ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள். ஜப்பானுக்கோ பிரிட்டனுக்கோ அழைப்பு வந்தால், வேலைக்குரிய விசா யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எட்டாம் படி: உடம்பை எண்ணிச் செலவழியுங்கள்

சுவர் இருந்தால்தான் சித்திரம். இந்தத் தொழிலில் தொழிற்சங்கம் இல்லை, நிறுவன மருத்துவக் காப்பீடும் இல்லை; தனியாகக் காப்பீடு எடுக்க வசதியில்லாதவர் இன்னும் மோதும் நிலைக்கு வரவில்லை என்றே சொல்வேன். கிறிஸ் நோவின்ஸ்கி ஹார்வர்டில் படித்துவிட்டு டபிள்யூ.டபிள்யூ.ஈ.-க்கு வந்தவர். 2003-இல் தலையில் பட்ட அடியோடு அவருடைய மல்யுத்த வாழ்க்கை முடிந்தது; 2007-இல் மூளை அதிர்ச்சி ஆய்வுக்காக அவர் இணைந்து தொடங்கிய அமைப்புதான் பின்னர் கன்கஷன் லெகசி ஃபவுண்டேஷன் என்று பெயர் பெற்றது. தலையில் அடிபட்டு ஒரு கணமேனும் தடுமாறினால் அன்றைய போட்டி அத்தோடு முடிய வேண்டும், மறுவாரப் போட்டியும் மருத்துவர் சொன்னால்தான். நெற்றியைக் கீறி ரத்தம் காட்டும் வழக்கம் இண்டியில் இன்னும் இருக்கிறது; எதிராளியின் அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவைக் காணாமல் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லீரல் அழற்சி நோய்க்கு உங்கள் வேடப்பெயர் தெரியாது.

முப்பது பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில் ஏணியிலிருந்து குதிப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே குதிப்பு, கேமராவும் கூட்டமும் இருக்கும் இடத்தில் ஒருமுறை நடந்தால் அதற்கு விலை உண்டு.

ஒன்பதாம் படி: ஒப்பந்தம் வரும்போது

இன்று வாசல்கள் முன்பைவிட அதிகம். கோடியும் யங் பக்ஸும் 2018 செப்டம்பர் 1 அன்று சிகாகோ அருகே நடத்திய "ஆல் இன்" நிகழ்ச்சி பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது; அதன் தொடர்ச்சியாக 2019-இல் ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதிய பெரிய நிறுவனம் பிறந்தது. 2024-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. தானே சில இண்டிப் பள்ளிகளோடு இணைந்து வீரர்களை அடையாளம் காணும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒப்பந்தத் தாளில் பெயர் யாருக்குச் சொந்தம், பிற இடங்களில் மோத அனுமதி உண்டா, காயத்தின்போது ஊதியம் தொடருமா, நிறுவனம் எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலக்கலாம் என்ற நான்கையும் வழக்கறிஞரோடு அமர்ந்து படியுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சிறு நிகழ்ச்சிகளை முடித்துக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தே எல்லா மருத்துவ அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் ஓர் உறையில் சேர்த்து வாருங்கள், காயம் எதையும் ஆறவிடாமல் மேலே மோதாதீர்கள். ரிங் ஆஃப் ஹானர் பட்டத்தை 462 நாள் வைத்திருந்த டேனியல்சனும், அதே பட்டத்தைப் பின்னர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த நைஜல் மெக்கின்னஸும், 2009 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் ஒருவரோடு ஒருவர் மோதி அந்த நிறுவனத்திடம் விடைபெற்றார்கள். இருவருமே டபிள்யூ.டபிள்யூ.ஈ.-க்குப் போவதாகத்தான் ஏற்பாடு. டேனியல்சன் போய்ச் சேர்ந்தார். மெக்கின்னஸின் பழைய கைத்தசைக் காயம் மருத்துவப் பரிசோதனையில் தடையாக வந்து நின்றது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார், இரண்டே ஆண்டுகளில் மோதுவதையும் நிறுத்தினார், பின்பு வர்ணனையாளரானார். அவர்கள் மறுபடி ஒரே ரிங்கில் மோதியது 2024 செப்டம்பர் 25 அன்று, அதே நியூயார்க்கில்.